பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று?



தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு சின்ன அறை. இரவு எட்டு மணிக்கு எங்கள் வகுப்பு தொடங்கும். வேலை முடிந்தவர்கள் கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருவார்கள். தோல் பை தைக்கும் அண்ணன் வருவார். இட்லி விற்கும் அக்கா வருவார். மரவேலை செய்யும் அண்ணாச்சி வருவார். நான் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு நாள் அண்ணாச்சி பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்தார்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க” என்றார்.

அண்ணாச்சிக்கு செம்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. அங்கே கார்களை அலங்காரம் செய்வார்கள். காரின் பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தை டிக்கி என்கிறோம் அல்லவா? அந்த டிக்கிக்குள் கார்பெட் விரிப்பார்கள். பாட்டுப் பெட்டியும் செய்து வைப்பார்கள்.

முந்தின வாரம் மாட்டுங்காவிலிருந்து ஒரு கார் வந்திருந்தது. அண்ணாச்சி அதற்கு ஒரு பெட்டி செய்தார். இரண்டே நாளில் கார்க்காரர் திரும்பி வந்துவிட்டார். “சத்தம் வருது, பாட்டு வரல. எந்தப் பாட்டு போட்டாலும் டொம் டொம்னு ஒரே மாதிரி இடிக்குது” என்றார். பட்டறை முதலாளி வேறு பெட்டி செய்யச் சொன்னார். வீணான பலகைக்கான காசை அண்ணாச்சியின் கூலியில் பிடித்துக்கொண்டார்.

“நாற்பது, நாற்பது, இருபது. கோடு போட்டு சரியாத்தான் அறுத்தேன் தம்பி. எங்க தப்புன்னே தெரியல” என்றார் அண்ணாச்சி.

அந்தத் தாள் ஸ்பீக்கரோடு அட்டைப் பெட்டியில் வந்தது. எழுத்து ஆங்கிலம். ஆனால் எண்கள் நாம் படித்த அதே எண்கள்தான். அன்று எங்கள் வகுப்பில் அந்தத் தாள்தான் பாடம். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம்மில் கார் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் கார் வேலை செய்து பிழைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவும்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு?

ஒலி என்பது காற்றின் அசைவு. தவிலை அடித்தால் தோல் அதிர்கிறது. தோல் காற்றை அசைக்கிறது. அசையும் காற்று நம் காதுக்கு வருகிறது. ஸ்பீக்கரும் அப்படித்தான். அதன் நடுவில் புனல் போன்ற ஒரு திரை இருக்கிறது. அதன் பின்னால் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கின்றன. கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது திரை முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்த முறையில் நல்ல ஒலிபெருக்கியைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள். ஆண்டு 1925. இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். வேகமாக ஆடினால் கீச்சென்ற ஒலி. மெதுவாக ஆடினால் கனத்த ஒலி. நல்ல காது நொடிக்கு 20 ஆட்டம் முதல் 20,000 ஆட்டம் வரை கேட்கும். கனத்த ஒலிக்கென்றே செய்யும் பெரிய ஸ்பீக்கருக்கு சப்-ஊஃபர் என்று பெயர். நொடிக்கு 100 ஆட்டத்துக்கும் குறைவான ஒலிதான் பெரும்பாலும் அதன் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திரை முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நெருங்கிய காற்று ஓரமாகச் சுற்றிப் பின்பக்கம் போய்விடுகிறது. முன்னால் செய்த வேலை பின்னால் வீணாகிறது.

இதை ஒரு வாளித் தண்ணீரில் பார்க்கலாம். கையை விரித்துத் தண்ணீரில் மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் கையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகும். பெரிய அலை எழும்பாது. கனத்த ஒலியும் மெதுவான ஆட்டம்தான். அதனால்தான் பெட்டி இல்லாத சப்-ஊஃபரில் கனத்த ஒலி வருவதில்லை.

இதற்கு என்ன வழி? பின்பக்கக் காற்றை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் பெட்டி.

காற்று ஒரு ஸ்பிரிங்

பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுங்கள். அதன் வாயை விரலால் அடையுங்கள். கைப்பிடியை அழுத்துங்கள். கொஞ்ச தூரம் போகும். கையை எடுத்தால் துள்ளித் திரும்பி வரும். உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது.

காற்றுப் புகாத பெட்டியும் அதே போலத்தான். திரை உள்ளே போனால் பெட்டிக் காற்று அதை வெளியே தள்ளும். திரை வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். 1954-ஆம் ஆண்டு எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதைக் கொண்டு ஒரு புது ஸ்பீக்கர் பெட்டி செய்தார். அதற்கு முன் கனத்த ஒலி வேண்டும் என்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும் என்று நினைத்தார்கள். அவர் சிறிய பெட்டியில் அதைக் கொண்டுவந்தார்.

ஆனால் எந்த ஸ்பிரிங்குக்கும் ஓர் அளவு உண்டு. பெட்டியில் காற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். திரை நன்றாக ஆடாது. ஆழமான ஒலி போய்விடும். டொம் டொம் என்று ஒரே இடி கேட்கும். காற்று அளவுக்கு மிஞ்சினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். சத்தத்தைக் கூட்டும்போது திரை எல்லை மீறி ஆடிக் கெட்டுப்போகும்.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு காற்று வேண்டும்? இதைக் கணக்குப் போட வழி கண்டவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த தீல், ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள். தீல் 1961-இல் எழுதினார். ஸ்மால் 1970-களில் அதைத் தொடர்ந்தார். அவர்கள் காட்டிய வழியில்தான் ஸ்பீக்கர் கம்பெனிகள் கணக்குப் போட்டுத் தாளில் அச்சடிக்கின்றன. அண்ணாச்சியின் பையில் கசங்கியிருந்தது அந்தத் தாள்தான்.

தாளில் இருந்த எண்

தாளில் ஓர் இடத்தில் 30 என்று இருந்தது. பக்கத்தில் லிட்டர் என்பதற்கான ஆங்கில எழுத்து. இந்த 12 அங்குல ஸ்பீக்கருக்கு 30 லிட்டர் காற்று வேண்டும் என்பது பொருள். லாமிங்டன் சாலைக் கடைகளில் பல கம்பெனி ஸ்பீக்கர்கள் கிடைக்கும. ஒவ்வொன்றுக்கும் இந்த எண் வேறு. அதனால் தாளைப் பார்க்காமல் பலகையை அறுக்கக் கூடாது. சில தாள்களில் கன அடி என்று போட்டிருப்பார்கள். ஒரு கன அடி என்றால் 28 லிட்டரும் கொஞ்சமும்.

“லிட்டர்னா எண்ணெய், பால்தானே? காத்தை எப்படி லிட்டர்ல அளக்குறது?” என்று கேட்டார் தோல் பை தைக்கும் அண்ணன்.

நல்ல கேள்வி. லிட்டர் என்பது இடத்தின் அளவு. நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 10, உயரம் 10 உள்ள ஒரு டப்பாவை எடுங்கள். அதற்குள் சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஊற்றினாலும் ஒரு லிட்டர். காலியாக இருந்தால் ஒரு லிட்டர் காற்று.

10 × 10 × 10 = 1,000. ஆகவே 1,000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். வந்ததை 1,000 ஆல் வகுங்கள். லிட்டர் கிடைக்கும்.

அண்ணாச்சி பலகையில் கணக்குப் போட்டார்.

40 × 40 = 1,600
1,600 × 20 = 32,000
32,000 ÷ 1,000 = 32 லிட்டர்

“முப்பதுதானே கேட்டாங்க? முப்பத்திரண்டு இருக்கே. அப்புறம் என்ன குறை?” என்றார். ஸ்பீக்கரின் பின்பாகம் பெட்டிக்குள் உட்காரும். அது ஏறக்குறைய 2 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். 32-இல் 2 போனால் 30. பட்டறையில் யாரோ அப்படித்தான் கணக்குப் போட்டு அளவு சொல்லியிருக்கிறார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. எனக்கும் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

அப்போது இட்லிக்கார அக்கா பேசினார்.

“அண்ணாச்சி, நீங்க எங்க அளந்தீங்க? உள்ளேயா, வெளியேயா?”

“வெளியதாம்மா. பலகையைப் போட்டு அளந்து அறுத்தேன்.”

“மாவு அண்டாவோட உள்ளதானே நிக்குது? வெளிய அளந்தா ஆகுமா?”

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணாச்சியும் சிரித்தார்.

பலகை தின்ற காற்று

அண்ணாச்சி அறுத்த பலகையின் கனம் 18 மில்லிமீட்டர். அதாவது 1.8 சென்டிமீட்டர். ஒரு பக்கம் 1.8, எதிர்ப்பக்கம் 1.8. இரண்டும் சேர்ந்து 3.6 சென்டிமீட்டர். வெளி அளவு 40 என்றால் உள் அளவு 36.4 தான். வெளி அளவு 20 என்றால் உள் அளவு 16.4 தான்.

36.4 × 36.4 × 16.4 = ஏறக்குறைய 21,700
21,700 ÷ 1,000 = 21.7 லிட்டர்

32 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 22 கூட இல்லை. பத்து லிட்டரைப் பலகை தின்றுவிட்டது! ஸ்பீக்கர் உட்கார்ந்த பிறகு 20 லிட்டர்கூட மிஞ்சவில்லை. ஸ்பிரிங் விறைத்துவிட்டது. இடி மட்டும் கேட்டது.

உள் அளவு 40, 40, 20 வேண்டும் என்றால் பலகையை இப்படி அறுக்க வேண்டும்:

முன் பலகை, பின் பலகை: 43.6 × 43.6 (இரண்டு)
மேல் பலகை, கீழ்ப் பலகை: 43.6 × 20 (இரண்டு)
பக்கப் பலகை: 40 × 20 (இரண்டு)

மொத்தம் ஆறு துண்டுகள். எட்டு அடிக்கு நான்கு அடி முழுப் பலகையில் ஏறக்குறைய கால் பங்கு போதும்.

முதலில் டிக்கியை அளக்கவும்

பெட்டி அளவு தெரிந்துவிட்டது. அது டிக்கிக்குள் அடங்குமா? டிக்கிக் கதவை மூடினால் எவ்வளவு உயரம் மிஞ்சும் என்று பாருங்கள். கீழே அகலம், மேலே அகலம் இரண்டையும் அளங்கள். பல கார்களில் மேலே அகலம் குறையும். கதவின் கீல் எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள். கணக்குக் கிடைத்தாலும் வழி அடைபட்டால் பெட்டி உள்ளே போகாது. அப்போது நீள அகலத்தை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே லிட்டர் மட்டும் மாறக் கூடாது. ஸ்பீக்கரின் காந்தம் பின்பலகையில் இடிக்காத ஆழமும் வேண்டும்.

டிக்கியின் அடியில் ஸ்டெப்னி டயர் இருக்கும். ஜாக்கி, ஸ்பானர் இருக்கும். அவற்றின் மேல் பெட்டியை நிரந்தரமாக வைத்து மூடாதீர்கள். நடுவழியில் டயர் பஞ்சரானால் கார்க்காரர் தவித்துப்போவார். தரைப் பலகையை இரண்டு துண்டாகச் செய்யுங்கள். ஒரு துண்டைத் தூக்கினால் ஸ்டெப்னியை எடுக்க முடிய வேண்டும்.

மும்பையில் டாக்சிகளும் பல சொந்தக் கார்களும் சி.என்.ஜி. வாயுவில் ஓடுகின்றன. அந்த வாயு சிலிண்டர் பெரும்பாலும் டிக்கியில்தான் இருக்கும். அத்தகைய டிக்கியில் இந்த வேலை வேண்டாம். “முடியாது சார்” என்று சொல்லிவிடுங்கள். வாயு கசிந்தால் வெளியே போக வழி வேண்டும். கார்பெட்டும் பலகையும் வைத்து அடைத்தால் வாயு உள்ளே தங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பது சட்டம். சோதித்த தேதியைத் தகட்டில் பொறித்திருப்பார்கள். டாக்சி ஓட்டுகிற வாசகர்களே, உங்கள் வண்டியில் அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள்.

எந்தப் பலகை நல்லது?

எம்.டி.எஃப். என்ற பலகையைச் சிலர் கேட்பார்கள். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. அறுக்க எளிது. ஓரம் வழவழப்பாக வரும். ஆனால் சாதாரண எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

மும்பை மழையை நாம் அறிவோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று எத்தனையோ கார்கள் முங்கின. அவ்வளவு பெய்யாவிட்டாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை டிக்கியில் ஈரம் இருக்கும். ஆகவே பிளைவுட் நல்லது. பலகையின் மேல் உள்ள முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். 710 என்று இருந்தால் அது ஈரம் தாங்கும் பலகை. ஐ.எஸ். 303 என்பது பொதுவான பிளைவுட். கடைக்காரர் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணை நீங்களே பாருங்கள்.

கார்பெட் போடும் முன் டிக்கியில் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவு ஓரமாக ஊற்றிப் பாருங்கள். உள்ளே கசிந்தால் முதலில் ரப்பர் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். ஈரத்தின் மேல் கார்பெட் போட்டால் நாற்றம் அடிக்கும். தகரமும் துருப்பிடிக்கும்.

பெட்டியைச் சேர்ப்பது

1. துண்டுகளை முதலில் பசை இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். உள் அளவை மறுபடி அளங்கள்.

2. ஓரங்களில் மரப்பசை தடவி ஒட்டுங்கள். திருகு போடுங்கள். திருகுக்கு முன்னால் சிறு துளை போட்டால் பிளைவுட் பிளக்காது.

3. முன் பலகையில் வட்டம் அறுக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் வட்டம் என்பதும் தாளில் இருக்கும். 12 அங்குல ஸ்பீக்கர் என்பதால் 12 அங்குலம் அறுத்துவிடாதீர்கள். 12 என்பது ஸ்பீக்கரின் பெயர் அளவு. துளை அதைவிடச் சிறியது.

4. உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிகான் பசை பூசி அடையுங்கள். ஊசித் துளை இருந்தாலும் காற்று உஸ் என்று போகும். பசை முழுவதும் காய ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகுதான் ஸ்பீக்கரை மாட்ட வேண்டும்.

5. ஸ்பீக்கரை மாட்டிய பின் திரையை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி அடைப்பாக இருக்கிறது. உடனே துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கலாம்.

பலகை அறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். கண்ணாடி அணியுங்கள்.

கார்பெட் ஒட்டுவது

இந்த வேலைக்கான கார்பெட் வீட்டு விரிப்பு போன்றது அல்ல. கம்பளி போல மெத்தென்று இருக்கும். இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால் மூலைகளில் நன்றாகப் படியும். பார்ப்பதற்கு அழகு என்பது ஒரு பயன். பலகைகள் உரசிக் கடகட என்று சத்தம் வராது என்பது மற்றொரு பயன்.

பலகையிலும் கார்பெட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் பசையைத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள். விரலில் பிசுக்கென்று ஒட்டாத அளவுக்குக் காயட்டும். பிறகு நடுவில் வைத்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். தையலும் சேர்ப்பும் பின்பக்கம் வரும்படி செய்யுங்கள். ஸ்பீக்கர் துளையில் நடுவிலிருந்து ஓரம் வரை குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, துண்டுகளை உள்ளே மடித்து ஒட்டுங்கள்.

ரப்பர் பசையின் ஆவி தீப்பற்றும். தலையைச் சுற்ற வைக்கும். மூடிய அறையில் தடவாதீர்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது.

பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் 15 கிலோ வரை வரும். திடீரென்று பிரேக் போட்டால் அது முன்னால் பாயும். ஆகவே பெட்டியைப் பட்டை போட்டோ கிளாம்ப் வைத்தோ இறுக்க வேண்டும். தகரத்தில் துளை போடும் முன் காரின் அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் டேங்கும் குழாயும் அங்கேதான் போகும்.

ஃபியூஸ் என்ற காவல்காரன்

ஸ்பீக்கருக்குச் சக்தி தருவது ஆம்ப்ளிஃபையர். அதற்கு கார் பாட்டரியிலிருந்து வயர் வர வேண்டும். வயரிங் தெரிந்தவரைக் கொண்டே இதைச் செய்யுங்கள். ஆனாலும் அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். வீட்டில் 60 வாட் குண்டு பல்பு எரிகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 60 ÷ 230 என்றால் கால் ஆம்பியர் மட்டும்தான். காரில் 300 வாட் ஆம்ப்ளிஃபையர். பாட்டரி 12 வோல்ட். 300 ÷ 12 = 25 ஆம்பியர். அதாவது 100 குண்டு பல்புகளுக்கு ஓடும் அளவு! கொஞ்சம் சூடாகவும் வீணாகும். அதனால் இன்னும் அதிகமாகவே இழுக்கும்.

12 வோல்ட் நம்மைத் தூக்கி அடிக்காது. ஆனால் மெல்லிய வயரில் இவ்வளவு ஆம்பியர் ஓடினால் வயர் அடுப்புக் கம்பியாகிவிடும். மேலே கார்பெட், கீழே பலகை. தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்?

ஆகவே நான்கு விதிகள்:

• தாளில் சொன்ன கனத்தில் வயர் வாங்குங்கள். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கனத்தில் செம்பு வயர் தாங்கும் அளவுக்கு அது தாங்காது.

• பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். டிக்கியில் மட்டும் போட்டால், நடுவில் வயர் நசுங்கும்போது அதைக் காக்க யாரும் இல்லை.

• ஃபியூஸ் எரிந்தால் அதே எண்ணுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியோ சிகரெட் தாளோ சுற்றக் கூடாது.

• வயர் தகரத் துளையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். வேலை தொடங்கும் முன் பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் சூடாகும் பொருள். அதைக் கார்பெட்டுக்குள் புதைக்காதீர்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள்.

நம் காதும் அடுத்த வீட்டுத் தூக்கமும்

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 100 என்றால் கால் மணி நேரம் மட்டுமே! காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பட்டறையில் நாள் முழுக்கப் பாட்டைச் சோதிக்கிறவர்களின் காதுதான் முதலில் போகும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். காதில் அடைப்பான் வையுங்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. கனத்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். நம் தாராவியில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இரவு வேலை முடிந்து வந்து தூங்குபவர் அங்கே இருப்பார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்.

அண்ணாச்சியின் இரண்டாவது பெட்டி

அடுத்த வாரம் அண்ணாச்சி வகுப்புக்கு நேரம் கழித்து வந்தார். முழங்கை வரை மரத்தூள் ஒட்டியிருந்தது.

“மாட்டுங்காக்காரர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு தம்பி. பத்து நிமிஷம் டிக்கியத் திறந்து வச்சிக் கேட்டாரு. ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு” என்றார்.

பிடித்த கூலி திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது பட்டறையில் ஸ்பீக்கர் வந்தால் முதலாளி அட்டைப் பெட்டியைப் பிரித்து, தாளை அண்ணாச்சியிடம்தான் கொடுக்கிறாராம். அண்ணாச்சி பலகையில் பென்சிலால் முதலில் ‘உள் அளவு’ என்று எழுதுகிறார். அதன் கீழே கணக்குப் போடுகிறார். பிறகுதான் ரம்பத்தைத் தொடுகிறார்.

இட்லிக்கார அக்காவுக்கு இதில் பெருமை. “அண்டாக் கணக்கு சொன்னது நான்தானே” என்று எல்லோரிடமும் சொல்கிறார். உண்மைதான். தெரிந்ததைச் சொல்ல அவர் வெட்கப்பட்டிருந்தால் எங்கள் யாருக்கும் தப்பு தெரிந்திருக்காது.

உங்கள் வேலையிலும் இப்படி ஒரு தாள் இருக்கும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும். தையல் இயந்திரத்தோடு வந்திருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிக்கலாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு டப்பாவின் உள் நீளம், அகலம், உயரத்தை அளங்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும்? தண்ணீர் ஊற்றிச் சரிபாருங்கள்.

2. ஒரு பெட்டியின் வெளி அளவு 50, 40, 30 சென்டிமீட்டர். பலகையின் கனம் 2 சென்டிமீட்டர். உள்ளே எத்தனை லிட்டர்? (விடை: 46 × 36 × 26 = 43,056. அதாவது 43 லிட்டர்.)

3. காரில் 240 வாட் ஆம்ப்ளிஃபையர், 12 வோல்ட் பாட்டரி. எத்தனை ஆம்பியர்? (விடை: 20.)